வலியில்லாமல் வந்து தானாக நின்றுபோகும் ரத்தம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் பார்த்தால் வழக்கமான நிறம். உடம்புச் சூடாக இருக்கும் என்று நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து அது திரும்பவும் வருகிறது, திரும்பவும் நிற்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்படுபவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் முதலில் கண்ட அறிகுறி இந்த ரத்தம்தான்.

2022-ல் உலகம் முழுவதும் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்தார்கள். எண்ணிக்கையில் புற்றுநோய்களில் 9-வது இடம். ஆண்களுக்குப் பெண்களைவிட மூன்று முதல் நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 55 வயதைத் தாண்டியவர்களையே தாக்குகிறது என்றாலும் அதற்குக் கீழே வராது என்று சொல்ல முடியாது.

மே மாதம் இந்த நோய்க்கான விழிப்புணர்வு மாதம். அப்போது பலரும் கேட்பது, "நானும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?" என்பதுதான். மார்பகப் புற்றுநோய்க்கு மாமோகிராம் இருப்பதுபோல, எந்த அறிகுறியும் இல்லாத எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டிய பரிசோதனை இந்த நோய்க்கு இல்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011-ல் இதை ஆராய்ந்து, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது. ஆகவே இங்கே விழிப்புணர்வு என்றால் அறிகுறியைத் தெரிந்துவைத்திருப்பதும், அது ஒரே ஒரு முறை வந்தாலும் மருத்துவரிடம் போவதும்தான்.

பையின் சுவரும் நோயின் நிலையும்

நோயின் நிலைகள், சிகிச்சைகள் எல்லாம் பையின் சுவரை வைத்தே பேசப்படுகின்றன. அதனால் சுவரை முதலில் பார்த்துவிடுவோம். சிறுநீரகங்களிலிருந்து இரண்டு குழாய்கள் வழியாக இறங்கும் சிறுநீர், பையில் 400 முதல் 500 மி.லி. வரை தேங்கும். சுவர் உள்ளிருந்து வெளியே இப்படி அமைந்திருக்கிறது:

1. உள்படலம். சிறுநீரை எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது இதுதான். பையில் வரும் புற்றுநோய்களில் 100-க்கு 90-க்கு மேல் பெரும்பாலான நாடுகளில் இங்கேதான் தொடங்குகின்றன. சிறுநீரகத்தின் உட்குழியிலும் அங்கிருந்து இறங்கும் குழாய்களிலும் இதே படலம்தான் இருக்கிறது. பையில் கட்டி கண்டால் மேலேயும் பார்ப்பது இதனால்தான்.

2. இணைப்புத் திசு. மெல்லிய ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடும் அடுக்கு.

3. தசை. பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றுவது.

4. வெளிக் கொழுப்பு. அதைத் தாண்டினால் புராஸ்டேட், கருப்பை போன்ற பக்கத்து உறுப்புகள்.

கட்டி உள்படலத்தோடு நின்றால் அதை டி.ஏ. நிலை என்பார்கள். இணைப்புத் திசுவுக்குள் இறங்கினால் டி1, தசைக்குள் போனால் டி2, கொழுப்பை எட்டினால் டி3, பக்கத்து உறுப்பைத் தொட்டால் டி4. இவற்றில் டி1-க்கும் டி2-க்கும் நடுவில் இருக்கும் கோடுதான் நோயாளியின் வாழ்க்கையையே மாற்றுவது. தசையைத் தொடாதவரை பையைக் காப்பாற்றியே சிகிச்சை தரலாம். தொட்டுவிட்டால் பையையே எடுக்கும் பேச்சு வரும். நல்ல வேளையாக, நோய் கண்டறியப்படும்போது 100-க்கு சுமார் 75 பேர் தசையைத் தொடாத கட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் அடங்காத ஒன்று உண்டு. சி.ஐ.எஸ். என்று அறிக்கைகளில் எழுதப்படும் இந்த வகை, கட்டியாக எழும்பாமல் உள்படலத்திலேயே தட்டையாகப் பரவுகிறது. பார்வைக்குச் சாதாரணச் சிவப்புத் திட்டுபோல இருக்கும். ஆழம் குறைவு என்பதால் லேசானது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் செல்கள் வீரியம் மிகுந்தவை. கவனிக்காமல் விட்டால் தசைக்குள் இறங்கும் வாய்ப்பு அதிகம்.

ஏன் வலிப்பதில்லை? ஏன் நின்றுபோகிறது?

பையில் வரும் பெரும்பாலான கட்டிகள் கடலடிப் பவளம்போல எழும்புகின்றன. மெல்லிய காம்பு, அதன்மேல் விரல் விரலாகப் பிரியும் கொழுந்துகள். ஒவ்வொரு கொழுந்தின் நடுவிலும் ஒரு நுண்ணிய ரத்தக் குழாய் ஓடுகிறது. கொழுந்தின் முனை உதிர்ந்தால் அந்தக் குழாய் திறந்து ரத்தம் கசியும். சிறிது நேரத்தில் ரத்தம் உறைந்து வாய் அடைபடும், சிறுநீரும் தெளிந்துவிடும். கட்டி மட்டும் அங்கேயே இருக்கும். அடுத்த முனை உதிர்வது நாளையும் நடக்கலாம், ஆறு மாதம் கழித்தும் நடக்கலாம்.

மேலாக வளரும் கட்டி சிறுநீர் போகும் வழியை அடைப்பதில்லை, நரம்புகளை நெருக்குவதும் இல்லை. அதனால்தான் வலி தெரிவதில்லை. சிறுநீரகக் கல் ஆளைச் சுருட்டிப் போடும் வலியோடு வருவதால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுகிறோம். வலியில்லாத ரத்தத்துக்கு அப்படி ஓடுவதில்லை. ஓட வேண்டியது இதற்கும்தான்.

ரத்தம் எவ்வளவு வந்தது என்பதை வைத்து நோயின் அளவைக் கணிக்க முடியாது. ஒரு லிட்டர் சிறுநீரில் 1 மி.லி. ரத்தம் கலந்தாலே நிறம் மாறிவிடும். இளஞ்சிவப்பாக இருந்தாலும், இறைச்சி கழுவிய தண்ணீர்போல இருந்தாலும், கட்டி கட்டியாக உறைந்து வந்தாலும் மூன்றுக்கும் அடுத்த வேலை ஒன்றுதான். எப்போது வந்தது என்பது ஓரளவுக்குத் துப்பு தரும். சிறுநீர் தொடங்கும்போது மட்டும் சிவந்தால் வெளிக்குழாயிலிருந்து வந்திருக்கலாம். முடியும்போது மட்டும் சிவந்தால் பையின் வாய் அல்லது புராஸ்டேட் பக்கம். முழுவதும் சிவந்தால் பையிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ. மண்புழுபோல நீளமாக உறைந்த ரத்தம் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் உறைந்ததாக இருக்கும்.

சிவப்பு எல்லாமே ரத்தம் இல்லை. பீட்ரூட் சாப்பிட்டால் நிறம் மாறும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சாதாரண யூரின் டெஸ்டில் தெரிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுக்கள் இருந்தால் ரத்தம், இல்லாவிட்டால் வெறும் நிறம்.

"இன்ஃபெக்‌ஷன்" என்ற முடிவு எங்கே தவறுகிறது

சிறுநீரில் ரத்தம் வருவதற்குக் கிருமித் தொற்றும் கல்லும் புராஸ்டேட் வீக்கமும்தான் புற்றுநோயைவிட அதிகம் காரணமாகின்றன. கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தோடு சிறப்பு மருத்துவரிடம் வருபவர்களில் சுமார் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரைதான் புற்றுநோய் என்று முடிகிறது. மற்றவர்களுக்கு வேறு காரணம் கிடைக்கும், அல்லது எதுவுமே கிடைக்காமலும் போகலாம். பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் காரணத்தை ஊகித்துவிட்டு நிறுத்துவது ஆபத்து. அந்த ஊகம் தவறும் இடங்கள்:

1. கல்ச்சர் செய்யாமலே ஆன்டிபயாடிக். மாத்திரை தொடங்கிய நாளும் ரத்தம் தானாக நிற்க இருந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டால், மருந்தில்தான் குணமானது என்று தோன்றும். கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா என்று கேளுங்கள். வளரவில்லை என்றால் தொற்று என்ற முடிவுக்கு அடிப்படை இல்லை.

2. தொற்று உண்மையாகவே இருந்தால். கட்டி உள்ள பையில் தொற்றும் சேர்ந்தே வரலாம். ஆகவே சிகிச்சை முடிந்த பிறகு சிறுநீரை மறுபடி சோதித்து, சிவப்பணுக்கள் போய்விட்டனவா என்று பார்க்க வேண்டும்.

3. நீர்க்கடுப்பு மட்டும் தீராமல் இருப்பது. அடிக்கடி போக வேண்டும்போலத் தோன்றுதல், அடக்க முடியாமை, எரிச்சல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்து, கல்ச்சர் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தால், தட்டையாகப் பரவும் சி.ஐ.எஸ். வகையை நினைக்க வேண்டும். ரத்தம் கண்ணுக்கே தெரியாமலும் இது இருக்கும்.

4. பெண்கள். இவர்களுக்கு நோய் கண்டறிவது ஆண்களைவிடத் தாமதமாகிறது. நீர்க்கடுப்பு பெண்களுக்குச் சகஜம் என்று இரண்டு, மூன்று முறை மாத்திரை தரப்படுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உள்ளாடையில் தெரியும் ரத்தம் எங்கிருந்து வந்தது என்பதிலும் குழப்பம் வரும். சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால், அல்லது ஆய்வகத்தில் கொடுத்தால் அந்தக் குழப்பம் தீரும். மகப்பேறு மருத்துவரிடம் பார்த்து கருப்பையில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அடுத்து சிறுநீர்ப் பாதைக்கான சிறப்பு மருத்துவரான யூராலஜிஸ்டைப் பார்க்க வேண்டும்.

5. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள். "அந்த மாத்திரையால்தான்" என்று விட்டுவிடுவது மிகவும் பரவலான தவறு. மாத்திரை கசிவை வெளிக்காட்டலாம். கசியும் இடம் ஒன்று உள்ளே இருக்கத்தான் வேண்டும். மாத்திரை எடுப்பவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரே பரிசோதனைகள்தான் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

பிரிட்டனின் வழிகாட்டுதலில் விதி தெளிவாக இருக்கிறது. 45 வயதைத் தாண்டியவருக்குத் தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் வந்தாலும், தொற்றுக்கு மருந்து எடுத்த பிறகும் ரத்தம் தொடர்ந்தாலும் திரும்ப வந்தாலும் அவசரப் பரிந்துரை தர வேண்டும். அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்களே. அவசரத்தின் அளவு மட்டும்தான் மாறும்.

யாருக்கு வருகிறது, ஏன்

புகைப்பவர்களுக்கு நுரையீரல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பை கெடும் என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம். புகைப்பவருக்கு ஆபத்து மூன்று முதல் நான்கு மடங்கு. புகையில் உள்ள அரோமாட்டிக் அமைன்கள் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டுப் பையில் வந்து தேங்குகின்றன. உடலில் வேறெந்த இடத்திலும் அந்த நச்சு மணிக்கணக்கில் ஒரே படலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. புகையை விட்டால் சில ஆண்டுகளிலேயே ஆபத்து குறையத் தொடங்கும். ஆனாலும் எப்போதுமே புகைக்காதவரின் அளவுக்கு இறங்க 20 ஆண்டுகளுக்கு மேலாகலாம். அதனால் "விட்டுப் பத்து வருஷமாயிற்றே" என்பவரும் ரத்தம் வந்தால் புகைத்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

இதே வேதிப்பொருள்கள் தொழிற்சாலைகளிலும் இருந்தன. 1895-ல் ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் பைக் கட்டிகள் வருவதைப் பதிவுசெய்தார். பிறகு 2-நாஃப்தைலமைன், பென்சிடின் என்று குற்றவாளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பல நாடுகள் அவற்றுக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ விதித்தன. சாயம், ரப்பர், தோல் பதனிடுதல், பெயின்ட், அலுமினிய உருக்கு ஆகிய தொழில்களில் இருந்தவர்களுக்கு இன்றும் இது முக்கியம். ஏனென்றால் நச்சு பட்டதற்கும் நோய் வருவதற்கும் நடுவில் 20, 30 ஆண்டுகள் கூடப் போகும். ஓய்வுபெற்ற பிறகு வரும் நோயை முன்பு பார்த்த வேலையோடு இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: குடிநீரில் நீண்டகாலம் கலந்திருக்கும் ஆர்செனிக், இடுப்புப் பகுதியில் முன்பு வாங்கிய கதிர்வீச்சு, சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து, சிறுநீரை வடிக்கப் பைக்குள் விடும் குழாயான கத்தீட்டரை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது. ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கின் சில பகுதிகளிலும் நன்னீரில் இருந்து உடலுக்குள் நுழையும் சிஸ்டோசோமா ஹிமடோபியம் என்ற ஒட்டுண்ணி, வேறொரு வகைப் பைப் புற்றுநோயை உண்டாக்குகிறது. சாக்கரின் இனிப்பூட்டி பற்றிய பழைய பயத்தை விட்டுவிடலாம். அது எலிகளின் சிறுநீரில் மட்டும் நடக்கும் ஒரு விளைவு என்று தெரிந்து, 2000-ல் அமெரிக்காவின் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

பரிசோதனைகள்: எது எதைக் காட்டும், எதைத் தவறவிடும்

1. யூரின் டெஸ்ட். ஸ்ட்ரிப்பில் ரத்தம் காட்டினால் மைக்ராஸ்கோப்பில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு பார்வைப் புலத்துக்கு 3 சிவப்பணுக்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால் கணக்கில் கொள்ளப்படும். ஆனால் இன்று சுத்தமாக இருப்பது நேற்று வந்த ரத்தத்தை ரத்து செய்துவிடாது.

2. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பை நிரம்பியிருந்தால்தான் உள்சுவர் விரிந்து கட்டி தெரியும். பாதிப் பையோடு எடுத்த ஸ்கேனில் சுவரின் மடிப்புக்குள் கட்டி ஒளிந்துகொள்ளும். நிரம்பியிருந்தாலும் சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் தட்டையான சி.ஐ.எஸ்.ஸும் தப்பிவிடும். "ஸ்கேன் நார்மல்" என்பதோடு நின்றுவிடக் கூடாது.

3. சி.டி. யூரோகிராம். ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எடுப்பது. சிறுநீரகம், மேலிருந்து இறங்கும் குழாய்கள், நிணநீர்க் கட்டிகள் ஆகியவற்றைக் காட்டும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டே எடுப்பார்கள்.

4. யூரின் சைட்டாலஜி. உதிர்ந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வீரியமிக்க கட்டியையும் சி.ஐ.எஸ்.ஸையும் நன்றாகக் கண்டுபிடிக்கும். வீரியம் குறைந்த கட்டியைப் பெரும்பாலும் தவறவிடும். இரவெல்லாம் பையில் ஊறிய செல்கள் சிதைந்திருக்கும். அதனால் காலையின் முதல் சிறுநீரைத் தவிர்த்து அடுத்ததைக் கொடுப்பது நல்லது.

5. சிஸ்டோஸ்கோபி. சிறுநீர் வரும் வழியாக 5, 6 மி.மீ. தடிமனுள்ள வளையும் குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பது. மரத்துப்போகும் ஜெல் போட்டு, பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். கண்ணால் நேரடியாகப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு மாற்று இன்னும் வரவில்லை. பெயரைக் கேட்டே பயந்து தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

சோதனையின் எல்லை பெரிய மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கு 1967-ல் சிறுநீரில் ரத்தம் வந்தது. அப்போது எடுத்த மாதிரிகள் புற்றுநோய்தானா என்று மருத்துவர்களிடையே ஒருமித்த முடிவு வரவில்லை. 1976-ல் ஊடுருவிய புற்றுநோய் உறுதியாகிப் பை அகற்றப்பட்டது. 1978 ஜனவரியில் இறந்தார். 1967-ல் சேமித்த சிறுநீர் மாதிரியின் செல்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். 1976-ல் எடுத்த கட்டியில் இருந்த அதே பி53 மரபணுப் பிழை அந்தப் பழைய செல்களிலும் இருந்தது. முதல் ரத்தம் வந்த நாளிலேயே நோய் அங்கே இருந்திருக்கிறது.

முதல் அறுவைச் சிகிச்சையும் பயாப்சி அறிக்கையும்

கட்டி தெரிந்தால் அடுத்தது டி.யூ.ஆர்.பி.டி. முதுகில் ஊசி போட்டோ முழு மயக்கத்திலோ, வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். இது சிகிச்சை, பயாப்சி இரண்டுமே. இங்கே அடிக்கடி நடக்கும் குறை ஒன்று: கட்டியின் மேல்பகுதியை எடுத்துவிட்டு, அடியில் உள்ள தசையைத் தொடாமல் விடுவது. தசை இல்லாத மாதிரியை வைத்துத் தசையில் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அறிக்கை கைக்கு வந்ததும் இவற்றைப் பாருங்கள், புரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்:

1. கட்டியின் வீரியம் குறைவா, அதிகமா?
2. இணைப்புத் திசுவுக்குள் இறங்கியிருக்கிறதா?
3. மாதிரியில் தசை இருக்கிறதா? இருந்தால் அதில் நோய் இருக்கிறதா?
4. கூடவே சி.ஐ.எஸ். இருக்கிறதா?
5. வழக்கமான வகையா, அரிய துணை வகையா?

டி1 என்று வந்தால் 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தை மறுபடி சுரண்ட வேண்டும். முதல் முறை ஒழுங்காகச் செய்திருந்தாலும் மூன்றில் ஒருவருக்கும் மேல் மிச்சக் கட்டி கிடைப்பதால்தான் இந்த ஏற்பாடு. முதல் மாதிரியில் தசை இல்லாவிட்டாலும் பெரும்பாலும் இதேதான். "இன்னொரு ஆபரேஷனா?" என்று சலித்துக்கொண்டு விடக் கூடாத ஆபரேஷன் இது.

வீரியம் குறைந்த கட்டியாகத் தெரிந்தால், சுரண்டி முடித்த 24 மணி நேரத்துக்குள் மைட்டோமைசின் போன்ற கீமோ மருந்தை ஒரே ஒரு முறை பைக்குள் விடுவது திரும்ப வரும் வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கும். பையில் ஓட்டை விழுந்திருந்தாலோ ரத்தம் அதிகமாக வந்துகொண்டிருந்தாலோ விடக் கூடாது. மருந்து வயிற்றுக்குள் கசிந்துவிடும்.

பி.சி.ஜி.: காசநோய்த் தடுப்பூசி பைக்குள் என்ன செய்கிறது?

வீரியம் அதிகமாக இருந்தாலோ டி1, சி.ஐ.எஸ். என்றாலோ தரப்படுவது பி.சி.ஜி. குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடும் அதே வலுவிழந்த பாக்டீரியாதான். கனடாவின் ஆல்வாரோ மொராலஸ் 1976-ல் 9 நோயாளிகளிடம் இதைப் பைக்குள் விட்டுப் பார்த்த முடிவை வெளியிட்டார். அன்று முதல் இது நிலைத்துவிட்டது. பாக்டீரியா நேரடியாகப் புற்றைத் தாக்குவதில்லை. அது படலத்தில் ஒட்டி ஓர் அழற்சியைக் கிளப்ப, திரண்டு வரும் நோயெதிர்ப்புச் செல்கள் கூடவே புற்றுச் செல்களையும் அழிக்கின்றன.

வாரம் ஒன்றாக 6 வாரம். பிறகு 3, 6, 12, 18, 24, 30, 36-வது மாதங்களில் மூன்று மூன்று வாரம். முதல் 6 முடிந்ததும் நன்றாகிவிட்டது என்று நிறுத்திவிட்டால் பலன் குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் நடப்பது இது:

1. நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்தே தண்ணீரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போகும், அடக்கவும் முடியாது.
2. மெல்லிய கத்தீட்டர் விட்டுப் பையைக் காலிசெய்து, சுமார் 50 மி.லி. மருந்தை இறக்குவார்கள். கத்தீட்டர் விடும்போது ரத்தம் வந்தால் அன்றைக்கு மருந்து கிடையாது. கிருமி நேராக ரத்தத்தில் கலந்துவிடும். கட்டியைச் சுரண்டி இரண்டு வாரம் ஆகாமல் தொடங்காததற்கும் காரணம் இதுதான். காய்ச்சலோடு தொற்று இருந்தாலும் தள்ளிவைப்பார்கள்.
3. இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும்.
4. அடுத்த 6 மணி நேரம் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். கழிப்பறையில் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதில் உள்ளது உயிருள்ள கிருமி.
5. ஓரிரு நாள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் எதிர்பார்ப்பதே. 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர் என்பதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள்.

தசைக்குள் இறங்கிவிட்டால்

இந்தக் கட்டத்தில் பைக்குள் மருந்து விட்டுப் பயனில்லை. வழக்கமான வழி, உடல் தாங்கும் என்றால் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோதெரபி, அதன்பின் பையை எடுக்கும் அறுவைச் சிகிச்சை. ஆண்களுக்குப் புராஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும் சேர்ந்தே போகும். தாம்பத்திய வாழ்வில் இதனால் வரும் மாற்றங்களை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்; பலர் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டுப் பிறகு தவிக்கிறார்கள். தசைக்குள் இறங்கியது தெரிந்த பிறகு 12 வாரத்துக்கு மேல் சிகிச்சையைத் தள்ளினால் பலன் குறைகிறது.

பை போனபின் சிறுநீருக்கு வழி வேண்டும். 15 முதல் 20 செ.மீ. சிறுகுடலை வெட்டியெடுத்து, ஒரு முனையில் சிறுநீர்க் குழாய்களை இணைத்து, மறுமுனையை வயிற்றுத் தோலில் திறப்பது ஒரு முறை. அந்தத் திறப்பின் மேல் சிறுநீரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். திறப்பு எங்கே வர வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே, உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்துக் குறிக்க வேண்டும். மடிப்பிலோ பெல்ட் கட்டும் இடத்திலோ வந்தால் பை ஒட்டாமல் கசிந்து தோல் புண்ணாகும். இரண்டாவது முறையில் 50, 60 செ.மீ. குடலைக் கொண்டு புதிய பையே தைத்து, பழைய வழியோடு இணைப்பார்கள். வெளியே பை வேண்டாம். ஆனால் அந்தக் குடல் பைக்கு நிரம்பிய உணர்வு வராது. கடிகாரம் பார்த்து எழ வேண்டும், இரவில் ஒழுகலாம், சிலர் தாங்களே கத்தீட்டர் விட்டு எடுக்க வேண்டியிருக்கும். எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. கை நடுக்கம், சிறுநீரகத்தின் நிலை, வீட்டில் துணை இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்யும்.

தகுதியானவர்களுக்குப் பையை எடுக்காமலே, முடிந்தவரை சுரண்டி, கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தரும் வழியும் உண்டு. ஒரே கட்டி, சிறுநீரகக் குழாய் அடைபடாமை, பரவலான சி.ஐ.எஸ். இல்லாமை ஆகியவை இருந்தால் கேட்டுப் பார்க்க வேண்டிய வழி அது. பரவிய நோயிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2023-ல் வெளியான ஆய்வில் என்ஃபோர்டுமாப் வெடோடின், பெம்ப்ரோலிஸுமாப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்கள் உயிர்வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 31.5 மாதம், வழக்கமான கீமோ பெற்றவர்களுக்கு 16.1 மாதம்.

கண்டறியும் கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்கப் பதிவேடுகளின் ஐந்தாண்டு உயிர்வாழ்வுக் கணக்கு போதும். உள்படலத்தோடு நின்றால் 100-க்கு சுமார் 97, பைக்குள்ளேயே ஆழமாக இறங்கினால் சுமார் 70, பக்கத்துத் திசுவையோ நிணநீர்க் கட்டியையோ எட்டினால் சுமார் 40, தொலைவில் பரவிவிட்டால் 10-க்கும் கீழே.

திரும்ப வரும் நோய்

தசையைத் தொடாத கட்டிகள் திரும்ப வருவதில் பேர்போனவை. வீரியத்தைப் பொறுத்து, ஐந்தாண்டுக்குள் பாதிப் பேருக்கும் மேல் இன்னொரு கட்டி வரலாம். நச்சு பட்டது முழுப் படலமும் என்பதால், ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் முளைக்கிறது. எனவே கண்காணிப்பும் சிகிச்சையின் பகுதியே. முதல் சிஸ்டோஸ்கோபி எல்லோருக்கும் 3-வது மாதம். ஆபத்து குறைந்தவர்களுக்கு அடுத்தது ஓராண்டில், பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஐந்தாண்டு. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை மூன்று மாதத்துக்கு ஒன்று, ஐந்தாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒன்று, பிறகு ஆண்டுதோறும். இரண்டு முறை சுத்தமாக வந்ததும் மூன்றாவதைத் தவிர்க்க மனம் சொல்லும், தவிர்க்கக் கூடாது. நோய் தெரிந்த பிறகும் புகைப்பவர்களுக்குக் கட்டி திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது.

பிறருக்குச் சொல்லும்போது, மருத்துவரிடம் போகும்போது

2013-ல் இங்கிலாந்தில் நாடு முழுவதும் நடந்த பிரசாரம் சொன்னது ஒரே செய்தி: சிறுநீரில் ரத்தம் கண்டால், ஒரே ஒரு முறைதான் என்றாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். "ஒரே ஒரு முறைதான் என்றாலும்" என்ற அந்தச் சொற்கள்தான் செய்தியின் உயிர். அவை இல்லாத போஸ்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும், ரத்தம் நின்றுவிட்ட ஆளைக் கிளம்ப வைக்காது.

பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட். நெஃப்ராலஜிஸ்ட் சிறுநீரகம் வடிகட்டும் வேலையைப் பார்ப்பவர். பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது யூராலஜிஸ்டின் வேலை. போகும்போது இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. ரத்தம் வந்த தேதி, எத்தனை முறை, நிறம், உறைந்து வந்ததா. கைப்பேசியில் படம் எடுத்திருந்தால் மிகவும் உதவும்.
2. தொடக்கத்திலா, முடிவிலா, முழுவதுமா. வலியோ காய்ச்சலோ இருந்ததா.
3. எடுக்கும் மாத்திரைகள், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருப்பதற்கானவை.
4. புகைத்த ஆண்டுகள், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது விட்டது.
5. இதுவரை பார்த்த எல்லா வேலைகளும், அங்கே கையாண்ட வேதிப்பொருள்களும்.
6. முன்பு வாங்கிய கதிர்வீச்சு, கீமோ. ஏற்கெனவே எடுத்த கல்ச்சர், ஸ்கேன் அறிக்கைகள்.

உறைந்த ரத்தம் அடைத்துச் சிறுநீரே வராமல் போய், அடிவயிறு வீங்கி வலித்தால் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, நீங்கள் யூராலஜிஸ்டைப் பார்க்கும் நாளில் ரத்தம் நின்றுபோயிருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் அப்பாயின்ட்மென்டை ரத்துசெய்ய வேண்டாம். சிஸ்டோஸ்கோபி செய்ய ரத்தம் வந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. சிறுநீர் தெளிவாக இருக்கும் நாளில்தான் பையின் உள்சுவர் கேமராவில் நன்றாகத் தெரியும்.